அழிக்காமலே பக்கத்தில் போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் என்று பதினெட்டு வருடமாக இதுதான் தொழில். கணினியைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆனால் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸும், அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லினக்ஸும் என் கடைக் கணினியில் 2012-லிருந்து ஒன்றாக இருக்கின்றன, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல். அதனால்தான் போன மாதம் நடந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் காலையில் லேப்டாப்பை மஞ்சள் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "தம்பி, ரெண்டும் இருக்கும்னுதானே சொன்னாங்க, இப்ப என்னோடது ஒண்ணையுமே காணோமே" என்றார். திறந்து பார்த்தேன். புத்தம் புதிய லினக்ஸ், பளிச்சென்று இருந்தது. விண்டோஸ் இல்லை. டி டிரைவ் இல்லை. அந்த டி டிரைவில்தான் எங்கள் பகுதிக் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு எட்டு வருடமாக அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன, அவர் மனைவி உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களும் இருந்தன.

நடந்தது இதுதான். அவருடைய லேப்டாப் 2016-ல் வாங்கியது, இன்டெல் ஐ3 ப்ராசசர், ஐந்தாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டது. ஒரு கடையில் காட்டியிருக்கிறார், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றிருக்கிறார்கள். பென்ஷன்காரர், எங்கே போவார்? இன்னொரு கடையில், லினக்ஸ் போட்டால் ஓடும், விண்டோஸும் அப்படியே இருக்கும் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்கள். சொன்னது சரிதான். செய்ததுதான் வேறு. கடையின் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்த பையனுக்கும் யாரும் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போடும்போது நடுவில் ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா என்று ஒரு வரி. டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று அடுத்த வரி. வேறு ஏதாவது என்று மூன்றாவது. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்தான். சில கணினிகளில் முதல் வரி வரவே வராது, அதற்குக் காரணங்கள் உண்டு, பின்னால் சொல்கிறேன். அப்படி வராதபோது அவசரத்தில் இருப்பவர் எதை அழுத்துவார்? மேலே இருப்பதைத்தான் அழுத்துவார். மேலே இருப்பது அழிக்கிற வரி.

ஐயாவிடம் முதலில் நான் சொன்னது, இனிமேல் இதை ஆன் செய்யாதீர்கள் என்பதுதான். இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி, அழிந்துவிட்டது என்றால் உள்ளே இருந்த எல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், புதிதாகப் போட்ட சிஸ்டம் எழுதிய இடம் மட்டும்தான் உண்மையில் போனது, மற்ற இடத்தில் பழைய ஃபைல்கள் பெயரும் முகவரியும் இல்லாமல் அப்படியே கிடக்கும். மேற்கொண்டு பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அதன்மேல் புதியது எழுதப்பட்டு ஒவ்வொன்றாகச் சாகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்எஸ்டி என்றால் நிலைமை மோசம், அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்ளும், மீட்பது அநேகமாக முடியாது. நல்லவேளை, ஐயாவுடையது ஹார்ட் டிஸ்க்.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஆயிரக்கணக்கில் படங்கள். எதற்கும் பெயர் கிடையாது, எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு எண்களும் மட்டும். இணையதளங்களில் வந்த பொத்தான் படம், விளம்பரம், வாட்ஸப்பில் வந்த காலை வணக்கம் எல்லாம் கலந்து கிடந்தன. ஐயா நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் மனைவியின் படங்கள் முக்கால்வாசி கிடைத்தன. தாலாட்டு ஃபைல்கள் பதினேழில் பதினொன்று கிடைத்தன, அவற்றில் இரண்டு பாதியோடு நின்றன. மீதி இல்லை. அந்தப் பாட்டுகளைச் சொன்ன பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. எந்தக் கடையும் ஈடுகட்ட முடியாத நஷ்டம் அது.

இதைப் படித்துவிட்டு, ஒரே கணினியில் ஏன் இரண்டு, ஏதாவது ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்குப் போதாது. சிவகாசி அச்சகங்களுக்கு நான் அனுப்பும் வேலைகளில் பாதிக்கு மேல் இன்னும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள்தான், பழைய தமிழ் எழுத்துருக்கள்தான், யூனிகோடு கிடையாது. பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதை ஓட்டுவதற்கான வழிகளையும் முயற்சி செய்து பார்த்தேன், வரிகள் நகர்ந்து போயின, கல்யாணப் பத்திரிகையில் வரி நகர்ந்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்? பக்கத்து ஆடிட்டர் அலுவலகத்திலும் இதே கதைதான், கணக்கு எழுதும் டேலிக்கு விண்டோஸ் வேண்டும். ஆக விண்டோஸை விட முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு லினக்ஸ்தான் வசதி. முக்கியமாக வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ். பிரின்ட் எடுக்க ஊரில் உள்ள எல்லாப் பென்டிரைவும் எங்களைப் போன்ற கடைக்குத்தான் வரும், ஷார்ட்கட் வைரஸையும் கூடவே கொண்டுவரும். விண்டோஸில் செருகினால் போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரியும், தெரியாமல் அதை அழுத்தினால் நம் கணினிக்கும் வந்துவிடும். லினக்ஸில் செருகினால் ஒளித்து வைக்கப்பட்ட உண்மையான போல்டர் அப்படியே கண்ணுக்குத் தெரியும், விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. ஃபைலை எடுத்து, பிரின்ட் கொடுத்து, பென்டிரைவைச் சுத்தம் செய்தும் கொடுக்கிறேன். பிள்ளைகள் கண்ணில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, ப்ராஜெக்ட் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்கள்!

இது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயமும் இல்லை. 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸ் 7-ம் பாஸ் லினக்ஸும் இரண்டுமே போட்டுத்தான் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. என் அக்கா மகனுக்கு 2012-ல் கிடைத்த லேப்டாப்பில்தான் நான் முதன்முதலில் அந்த மெனுவைப் பார்த்தேன், ஆன் செய்தவுடன் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள், எது வேண்டும் என்று கேட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். அன்றைக்குப் பிடித்ததுதான் எனக்கு. ஆனால் ஊரில் என்ன நடந்தது? படம் ஏற்ற இடம் வேண்டும் என்று பையன்கள் விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்தார்கள். அந்த மெனுவும் பாதி அங்கேதான் இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் ஆன் செய்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி வந்து நிற்கும், விண்டோஸும் வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அங்கே மொத்தமாக ஃபார்மட் அடித்து விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள், அதற்கு முந்நூறு ரூபாய். அழிக்க வேண்டிய தேவையே இல்லை, விண்டோஸ் டிஸ்க்கை வைத்துத் தொடக்கத்தைச் சரி செய்தால் கால் மணி நேர வேலை.

பதினோராம் வகுப்புக் கணினிப் பாடப் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸும் இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் பரீட்சைக்கு உபுண்டு படித்து எழுதுகிறார்கள், வீட்டுக் கணினியில் அதைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

சரி, எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நகல். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல், முடிந்தால் இன்னொரு இடத்தில் இன்னொன்று. கடையில் கொடுப்பதாக இருந்தாலும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும் சரி.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு. புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும் கணினிகளில் இது இன்னும் பரவலாகிவிட்டது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே பூட்டு விழுந்திருக்கும். கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் ஏதாவது மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும், முதலிலேயே எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுடையது இல்லை, மீட்பு மென்பொருள் எதுவும் அங்கே செல்லாது. லினக்ஸ் போடுவதற்கு முன் பூட்டை எடுத்துவிடுவது நல்லது, மேலே நான் சொன்ன அந்த முதல் வரி வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சில லேப்டாப்புகளில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற அமைப்பு டிஸ்க்கையே லினக்ஸுக்குக் காட்டாமல் மறைத்துவிடும், அதுவும் ஒரு காரணம். விண்டோஸ் ஒரு முறையிலும் பென்டிரைவ் இன்னொரு முறையிலும், அதாவது ஒன்று பழைய பயாஸ் முறையிலும் மற்றது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலும் தொடங்கினாலும் குழப்பம்தான். முதல் வரி வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அடுத்த வரியை அழுத்தாதீர்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி அல்லது டி டிரைவைச் சுருக்கலாம். அது எம்பி கணக்கில் கேட்கும். 50 ஜிபி வேண்டும் என்றால் 51200 என்று போட வேண்டும், பலர் 50 என்று மட்டும் போட்டுவிட்டு ஏன் இடம் வரவில்லை என்று கேட்பார்கள். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி, தாராளமாக என்றால் 100 ஜிபி. சுருக்கிய இடத்தைக் காலியாக அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்கப் போனால், பழைய கணினிகளில் ஏற்கெனவே நாலு பார்ட்டிஷன் இருக்கும் பட்சத்தில், டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட்டால் பிறகு பெரிய தலைவலி.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, அதையும் அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸுக்குப் போனால் விண்டோஸ் டிரைவைப் படிக்கத்தான் விடும், எழுத விடாது. லினக்ஸில் டைப் செய்ததை டி டிரைவில் சேமிக்க முடியவில்லை என்று என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

போடுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எட்டு ஜிபி பென்டிரைவ் போதும். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் முழு லினக்ஸும் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா, எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வைஃபை வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், மொபைலை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் கொடுத்தால் டிரைவரை இறக்கிக்கொள்ளும். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வந்துவிடும், ஐயாவுக்கு முதல் சந்தேகமே அதுதான்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம்தான், ஆனால் இதனால் காசு இழந்தவர்கள் உண்டு. இரண்டும் போட்ட பிறகு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். காலை பத்து மணிக்கு, விடியற்காலை நாலரை என்று இருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, நமக்கும் உலக நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் இது சரியாகிவிடும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் இதற்காக, அந்தக் கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரியை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார், பில்லில் எல்லாம் நேரம் தப்பு என்று. பேட்டரியில் ஒரு குற்றமும் இல்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டால், இரண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் தொடங்காமல் நின்றது, பாதுகாப்பு விதி மீறல் என்று திரையில் வந்தது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனு வராமல் நேராக விண்டோஸ் வருவதும் நடக்கும், பயாஸில் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். இதெல்லாம் சரி செய்யக்கூடியவை. ஆளுக்குத் தெரியாமல் டிஸ்க்கை அழிப்பது அப்படி இல்லை.

விண்டோஸ் 10-ஐப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்டேட் நின்றுபோன விண்டோஸில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். நான் அதை நெட்டிலிருந்து துண்டித்தே வைத்திருக்கிறேன், பேஜ்மேக்கருக்கு நெட் எதற்கு? நெட் வேலை, பணம் கட்டுவது, இ-மெயில் எல்லாம் லினக்ஸ் பக்கம். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஐயாவின் பத்து வருட லேப்டாப் அதுவரை ஓடும் என்றுதான் நினைக்கிறேன், நாலு ஜிபி ரேமை எட்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டபடி விண்டோஸையும் பக்கத்தில் போட்டுக் கொடுத்தேன். விடுபட்ட ஆறு தாலாட்டு ஃபைல்களை நினைவிலிருந்தும் பழைய நோட்டுகளிலிருந்தும் மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறார்.

கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கணினியை வாங்கும்போது ரசீதில் ஒரு வரி எழுதுங்கள், உள்ளே இருப்பதை அழிக்கலாமா கூடாதா என்று, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் கடையில் இந்த மாதத்திலிருந்து அப்படித்தான். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு கோரிக்கை. பழைய கணினியை என்ன செய்வது என்று தெரியாமல் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலத்தில் வரும் அந்தத் திரை புரியாது. உங்கள் நாளிதழில் அரைப் பக்கம் ஒதுக்கி இதைப் பற்றி எழுதச் செய்யுங்கள். வேறு படம் எதுவும் வேண்டாம், அந்த மூன்று வரித் திரையைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்யும் என்று தமிழில் போடுங்கள். அதை நான் வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

அன்புடன்,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.